பறிக்கவா, பார்க்கவா? – நந்தவனத்துக்குச் செடி தேடிய கதை

சந்தவாசலில் மேற்கே திரும்பினால் படவேடு. ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற பலரும் திரும்புகிற திருப்பம் அது. படவேட்டையும் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரம் பக்கம் போனால் ஒரு அணை இருக்கிறது. பெயர் செண்பகத்தோப்பு அணை.

அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். செண்பகக் காடு இல்லை, செண்பகத் தோப்பு. காடு தானாக வளர்வது. தோப்பு ஒருத்தர் வைத்தது. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, புளியந்தோப்பு என்று எங்கே சொன்னாலும் அதற்குப் பின்னால் குழி வெட்டி, கன்று வைத்து, தண்ணீர் ஊற்றிய ஒரு கை இருக்கும். படவேடு ஒருகாலத்தில் சம்புவராயர்களின் தலைநகரம். சோழர்களுக்குக் கீழே சிற்றரசர்களாக இருந்து, 13-ஆம் நூற்றாண்டில் தனியாகத் தலையெடுத்தவர்கள். 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் வந்து அவர்களை வென்றார். இன்றைக்கும் படவேட்டில் வயலுக்கு நடுவே, மலைக்கு மேலே என்று திரும்பின பக்கமெல்லாம் கோயில்தான். அத்தனை சாமிக்கும் தினமும் பூ வேண்டும். பக்கத்தில் ஒரு ஊருக்குப் பூமரத் தோப்பின் பெயர் நிலைத்ததில் ஆச்சரியம் இல்லை.

இவ்வளவு நாள் இதை நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது ஒரு தப்பு. என்னுடைய தப்பு.

ஒரு எக்செல் ஷீட்டும் ஒரு ஆயாவும்

சந்தவாசல் பக்கத்தில் ஒரு சின்ன சிவன் கோயில். ஊர்ப் பெயர் வேண்டாம். கோயிலுக்குப் பின்னால் 25 சென்ட் நிலம் முள் மண்டிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து நந்தவனம் போடலாம் என்று திருப்பணிக் குழு முடிவெடுத்தது. "நீங்கதான் கல்வெட்டு, கோயில்னு எழுதறீங்களே, என்னென்ன செடி வைக்கலாம்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்றார்கள். வேலை சாஃப்ட்வேர், பொழுதுபோக்கு கல்வெட்டு. இப்படி ஒருத்தன் கையில் கேட்டால் என்ன கிடைக்கும்? எக்செல் ஷீட்தான்.

ரெண்டு ராத்திரி உட்கார்ந்து போட்டேன். செடியின் பெயர், பூவின் நிறம், உயரம், கன்று விலை என்று பத்தி பத்தியாக. நிறத்தை வைத்து வரிசைப்படுத்தி, நுழைவாயிலில் இருந்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று போகிற மாதிரி ஒரு வரைபடமும் போட்டேன். வேலியில் போகன்வில்லா. ஓரத்தில் குரோட்டன்ஸ். நடுவில் கொரியன் புல். வழியின் ரெண்டு பக்கமும் அல்லமண்டா, இட்லிப்பூ. 'பழமை' தெரியணும் என்று ரெண்டு நாகலிங்க மரம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கூட்டத்தில் படித்துக் காட்டினேன். கோயில் வாசலில் பல வருஷமாகப் பூக்கட்டும் ஆயா ஒருத்தர் திண்ணையில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "இன்னா தம்பி, இதெல்லாம் பறிக்கவா, பாக்கவா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "காயிதப்பூவுல நாரு சுத்துனா நிக்குமா? வாசனைதான் உண்டா? புல்லு யாருக்கு? மாடு கூட உள்ள வராதே." பட்டியலில் இட்லிப்பூ மட்டும்தான் அவரிடம் பாஸ் ஆனது.

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை என்பது வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினபோதுதான் உறைத்தது. பூந்தோட்டத்தில் பல பாணி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாணி எதை வைத்துப் பிரிகிறது? நிறமா, வடிவமா, நாடா? இல்லை. பூ யாருக்கு என்பதை வைத்துத்தான் பிரிகிறது. அது முடிவானால் செடி தானாக முடிவாகிவிடும். நான் போட்டது நல்ல பட்டியல்தான். ஆனால் அது பார்க் பட்டியல். நந்தவனம் என்று பெயர்ப் பலகை வைத்து உள்ளே பார்க் போடப் பார்த்திருக்கிறேன்.

காலி ஆவதற்காகவே பூக்கும் தோட்டம்

நந்தனவனம் என்பது இந்திரனின் தோட்டம். அதிலிருந்து வந்ததுதான் நந்தவனம் என்ற சொல். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்தச் சொல் வரும் இடங்களைப் பார்த்தால் சொர்க்கம் எல்லாம் கண்ணில் படாது. நிலக்கணக்கும் நெல்கணக்கும்தான் இருக்கும். நந்தவனத்துக்காக விடப்பட்ட நிலத்துக்குத் திருநந்தவனப்புறம் என்று பெயர். விளக்குக்கு விட்ட நிலம் திருவிளக்குப்புறம் என்பது போல. சாமிக்குச் சாத்தும் பூவுக்குத் திருப்பள்ளித்தாமம் என்று பெயர். தோட்டத்தில் உழைப்பவர்களுக்கு, பூப்பறிப்பவர்களுக்கு, தொடுப்பவர்களுக்கு என்று தனித்தனியாக வாழ்வுக்கு வழி செய்திருப்பார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், நந்தவனம் ஒரு சப்ளை செயின். செடி, தண்ணீர், பறிக்கும் கை, தொடுக்கும் கை, சாமி. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் அன்றைக்குச் சாமிக்கு மாலை இல்லை.

தமிழ் பக்தி மரபில் நந்தவனக்காரர்களுக்குப் பெரிய இடம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் வைத்த நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில் ஆண்டாள் கிடைத்தாள் என்பது வரலாறு சொல்லும் முறை. திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார் பூக்கைங்கரியம் செய்தவர். திருப்புகலூரில் முருக நாயனார் விடியும் முன்னே பூப்பறித்து, வகைவகையாக மாலை தொடுத்தவர். கரூர் சிவகாமியாண்டாரின் பூக்கூடையை யானை தட்டிவிட்டதற்குத்தான் எறிபத்த நாயனார் மழுவைத் தூக்கினார். ஒரு கூடை பூவுக்கு அத்தனை மதிப்பு.

திருமலையில் ராமானுஜரின் சீடர் அனந்தாழ்வான் கதையும் இதே வழிதான். ஆனால் அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அவர் முதலில் செய்தது செடி வைத்தது இல்லை, ஏரி வெட்டியது. கர்ப்பிணியான மனைவி மண் சுமக்க, ஒரு சிறுவன் வந்து உதவப் பார்க்க, கோபத்தில் அவர் கடப்பாரையை வீச, அது பட்டுப் பெருமாளின் மோவாயில் ரத்தம் வந்தது என்று கதை போகும். அந்தக் கடப்பாரை என்று ஒன்றை இன்றும் திருமலைக் கோயில் வாசலில் மாட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் தண்ணீர், அப்புறம்தான் பூ என்பதற்கு அந்தக் கடப்பாரையைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இந்த மரபுக்குள் செடிகளைப் பிரிக்கும் ஒரு முறையும் இருந்தது. கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ. கோடு என்றால் மரக்கிளை. செண்பகம், புன்னை, மகிழம், கொன்றை எல்லாம் கோட்டுப்பூ. முல்லை, ஜாதிமல்லி கொடிப்பூ. தரையோடு வளரும் செடிகளில் பூப்பது நிலப்பூ. தாமரை, அல்லி, செங்கழுநீர் நீர்ப்பூ. முருக நாயனார் பறித்த பூக்களையும் பெரியபுராணம் இந்த நாலு வகையாகத்தான் சொல்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்து மறந்திருப்போம். ஆனால் தோட்டம் போடுகிறவன் கண்ணால் பார்த்தால் இது ஒரு வரைபடம். மேலே மரம், பக்கவாட்டில் பந்தல், கீழே பாத்தி, நடுவில் குளம். ஒரே நிலத்தில் நாலு அடுக்கு. நாலுக்கும் தண்ணீர்த் தேவை வேறு, வெயில் தேவை வேறு, பூக்கும் பருவம் வேறு. ஒன்று கைவிட்டால் இன்னொன்று காப்பாற்றும். என் எக்செல்லில் உயரம் என்று ஒரு பத்தி இருந்தது. ஆனால் குளம் இல்லை, பந்தல் இல்லை.

பறிக்காதே என்று சொல்லும் தோட்டம்

அப்படியென்றால் என் மண்டைக்குள் இருந்த 'பூந்தோட்டம்' எங்கிருந்து வந்தது? அதற்கு நம் ஊரை விட்டுக் கொஞ்சம் மேற்கே போகணும்.

பெங்களூர் லால்பாக்கை 1760-இல் ஹைதர் அலி தொடங்கினார். முகலாயத் தோட்ட பாணியைப் பார்த்துப் போட்டது. அரசர் நடந்து பார்க்க, விருந்தினருக்குக் காட்ட. திப்பு சுல்தான் வெளிநாடுகளில் இருந்து செடிகளை வரவழைத்தார். 1856-இல் அது அரசுத் தாவரவியல் தோட்டமானது.

சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இல் தொடங்கியது. ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-இல் உருவானது. லண்டன் கியூ தோட்டத்தில் இருந்து வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர்தான் அதை அமைத்தவர். இதில் ஒரு வேடிக்கை, ஊட்டியில் அதற்கு முன்னோடி ஒரு காய்கறித் தோட்டம். அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் சந்தா போட்டு, நியாயமான விலைக்குக் காய்கறி கிடைக்கட்டும் என்று 1840-களில் தொடங்கியது. சாப்பாட்டுக்குத் தொடங்கி, பார்வைக்கு முடிந்திருக்கிறது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் பூந்தோட்டம் என்பது ஓவியம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) என்ற பெண்மணி ஓவியம் படித்தவர். நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், குளிர்ந்த நிறத்தில் தொடங்கிச் சூடான நிறத்துக்கு எப்படிப் போவது என்று செடிகளை வைத்தே தீட்டினார். அவரோடு சேர்ந்து பல தோட்டங்கள் அமைத்த கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ்தான் பிறகு புதுதில்லியில் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையையும் அதன் தோட்டத்தையும் வடிவமைத்தார். முகலாய வாய்க்காலும் ஆங்கிலப் பூப்பாத்தியும் சேர்ந்த கலவை அது. முகலாயத் தோட்டம் என்றே வெகுகாலம் சொல்லப்பட்டு, 2023-இல் அம்ரித் உத்யான் என்று பெயர் மாறியது.

இந்த வம்சத்துத் தோட்டங்களுக்கு ஒரு பொது விதி. பூ செடியிலேயே இருக்கணும். ரொம்ப நாள் இருக்கணும். தூரத்தில் இருந்து தெரியணும். வாசனை இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. அதனால்தான் போகன்வில்லாவுக்கு அங்கே மரியாதை. நாம் பூ என்று நினைக்கும் அந்தக் கலர் காகிதம் உண்மையில் இலைதான், பூவடி இலை. அதனால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது. மல்லிகையை அங்கே வைத்தால் ஒரே ராத்திரியில் பூத்துக் கொட்டி, காலையில் வெறும் பச்சைப் புதராக நிற்கும்.

பார்க்கில் 'பூக்களைப் பறிக்காதீர்கள்' என்று பலகை இருக்கும். நந்தவனத்தில் காலை 7 மணிக்கு ஒரு பூ செடியில் மிச்சம் இருந்தாலும் அன்றைக்கு வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். ஒன்று பூவோடு நின்றால் அழகு, இன்னொன்று காலியானால் நிறைவு. ரெண்டும் நல்ல பாணிதான். ஒன்றின் பட்டியலை எடுத்து இன்னொன்றில் நட்டால்தான் வம்பு.

நாகலிங்கம் எந்த ஊர்?

சரி, பழைய செடியாகப் பார்த்து வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் எனக்கு ரெண்டாவது அடி விழுந்தது.

பழமைக்காக நான் வைத்த நாகலிங்க மரம் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. லிங்கமும் மேலே குடை பிடித்த நாகமும் போல அந்தப் பூ இருப்பதால் சிவன் கோயில்களில் அப்படி ஒட்டிக்கொண்டது. அதன் அறிவியல் பெயரில் கயானா பகுதியின் பெயரே இருக்கிறது. ராஜராஜ சோழன் நாகலிங்கப் பூவைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

நாகலிங்கம் மட்டும் இல்லை. இன்றைக்கு மாலைக்கு முதுகெலும்பு எது? சம்பங்கி. அது மெக்சிகோ. ஆயுத பூஜைக்கு வண்டியெல்லாம் தொங்கும் கேந்தி, அதாவது துலுக்கச் சாமந்தி, அதுவும் மெக்சிகோ. அந்திமந்தாரை, மஞ்சள் அரளி, கோயில் பிராகாரத்தில் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும் ஈழத்தலரி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492-இல் கொலம்பஸ் கப்பல் ஏறின பிறகு வந்தவை. செவ்வந்தி சீனப் பக்கம். நித்தியகல்யாணி மடகாஸ்கர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். அதில் செண்பகம் உண்டு. இந்தச் சம்பங்கியும் கேந்தியும் இருக்க வழியில்லை.

பெயர்களிலேயே மக்கள் குறிப்பு வைத்திருக்கிறார்கள். ஈழத்தலரி என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த அலரி. வந்தது ஈழத்தில் இருந்து இல்லை என்றாலும், 'இது வெளியூர்' என்கிற நினைவு பெயரில் இருக்கிறது. இன்னொரு ஆச்சரியம்: அரளி, மஞ்சள் அரளி, ஈழத்தலரி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஐந்தும் தாவரவியலில் ஒரே குடும்பம். உடைத்தால் பால் வரும் குடும்பம். அலரி என்று பெயர் வைத்தவர்கள் நுண்ணோக்கி இல்லாமலே சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அப்படியானால் பழைய நந்தவனம் என்பது எது? சைவ மரபில் அட்ட புட்பம் என்று எட்டுப் பூக்களைச் சொல்வார்கள். புன்னை, வெள்ளெருக்கு, செண்பகம், நந்தியாவட்டை, நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை. மரம் 3, குத்துச்செடி 3, நீர்ப்பூ 2. எட்டும் கொலம்பஸுக்கு முன்னாலேயே நம் பக்கம் இருந்தவை. எந்தப் பூ ஆகும், எது ஆகாது என்று சொல்வதற்கென்றே 16-ஆம் நூற்றாண்டில் கமலை ஞானப்பிரகாசர் 'புட்பவிதி' என்று ஒரு நூல் செய்திருக்கிறார்.

அதற்காக அமெரிக்கச் செடியை எல்லாம் பிடுங்கிப் போடணும் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது வேறு. சம்பங்கி எப்படி உள்ளே வந்தது? வெள்ளை நிறம், வாசனை, நீளமான காம்பு, நாரில் நிற்கும், அடுத்த நாள் வரை தாங்கும். நந்தவனத்தின் பரீட்சையில் பாஸ் ஆனது, உள்ளே வந்தது. போகன்வில்லாவும் அதே கண்டத்தில் இருந்துதான் வந்தது. பரீட்சையில் ஃபெயில், வேலியோடு நின்றுவிட்டது. நந்தவனம் எந்த ஊர்ச் செடி என்று கேட்கவில்லை. ஆயா கேட்ட கேள்வியைத்தான் கேட்டது.

ஆயாவின் பரீட்சை

அதற்கப்புறம் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயா பக்கத்திலேயே உட்கார்ந்து எக்செல்லைத் திரும்பப் போட்டேன். நிறம், விலை எல்லாம் கடைசிப் பத்திக்குப் போயின. முன்னால் வந்தவை இவை.

முதலில், நாரில் நிற்குமா. காம்பு வேண்டும், இதழ் உதிரக் கூடாது. நிற்காது என்றால் உதிரியாக அர்ச்சனைக்காவது ஆகணும். பவழமல்லி தொடுக்கச் சிரமம், ஆனால் அர்ச்சனைக்கு ஆகும். கீழே விழுந்த பூவைச் சாமிக்கு எடுக்கக் கூடாது என்பார்கள். பவழமல்லிக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் அது விடியும்போது தானே விழுவது. அதனால் அந்த மரத்தடியில் வேறு செடி வைக்காமல், தரையைச் சாணம் மெழுகிச் சுத்தமாக விடணும். செடித் தேர்வு என்பது இடத் தேர்வும்தான்.

ரெண்டாவது, எந்த மாசம். நான் கோட்டை விட்ட பெரிய இடம் இது. குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் கவாத்து பண்ணணும். மார்ச்சில் இருந்துதான் பூ பிடிக்கும். அதாவது மார்கழியில் கோயிலுக்குப் பூ அதிகம் வேண்டிய நேரத்தில் மல்லி கைவிரிக்கும். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி கவாத்து. மூன்றையும் கலந்து வைத்தால் சீசன் நீளும். மார்கழி ஓட்டையை அடைக்க டிசம்பர் பூவும் செவ்வந்தியும். செவ்வந்தி பகல் குறுகினால்தான் மொட்டு வைக்கும் செடி. கொன்றை சித்திரை வெயிலுக்கு. அரளியும் நந்தியாவட்டையும் வருஷம் முழுக்கக் கை கொடுக்கும். 12 மாசத்தையும் பத்தியாகப் போட்டு, எந்த மாசமும் காலியாக இல்லாமல் நிரப்பினேன். வேலையில் நாங்கள் செய்யும் 'கவரேஜ்' பார்ப்பதேதான்.

மூன்றாவது, எந்த வேளை. மல்லி விடியற்காலையில் மொட்டாகப் பறித்தால் சாயங்காலம் மாலையில் மலரும். அந்திமந்தாரை பேரிலேயே இருக்கிறது, அந்தியில்தான் திறக்கும். காலைப் பூஜை மட்டும் நடக்கும் கோயிலில் அந்திமந்தாரையை வரிசையாக வைத்து என்ன பிரயோஜனம்?

நாலாவது, எந்தச் சாமி. பெருமாள் என்றால் துளசி முதல். முருகனுக்குக் கடம்பு, செவ்வரளி, வெட்சி. பிள்ளையாருக்கு அறுகும் எருக்கும். சிவனுக்கு வில்வம், கொன்றை. தாழம்பூ கூடாது. ஏன் கூடாது என்று எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திருவண்ணாமலையில் அடிமுடி தேடின கதையில் பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன பூ அது. அண்ணாமலையார் கோயிலின் தலமரம் மகிழம். மகிழம்பூ காய்ந்த பிறகும் மணக்கும். வைத்தால் அப்படி ஒரு மரம் வைக்கணும்.

ஐந்தாவது, ஆபத்து. அரளி இல்லாமல் நந்தவனம் இல்லை. வறட்சி தாங்கும், ஆடு மாடு தொடாது. தொடாததற்குக் காரணம் அது முழுக்க விஷம். கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டன. அரளி இலையைத் தெரியாமல் வாயில் போட்டதால்தான் ஒரு இளம்பெண் இறந்தார் என்று சந்தேகம் எழுந்ததுதான் காரணம். நாங்கள் அரளியை வைத்தோம். ஆனால் குழந்தைகள் விளையாடும் பக்கம் இல்லை, மடப்பள்ளிப் பக்கமும் இல்லை. அரளி பறித்த கூடையில் துளசி, வில்வம் பறிக்கக் கூடாது என்று ஒரு விதியும் போட்டாயிற்று.

பாவும் ஊடையும்

குழுவில் ஒரு பெரியவர், வாழ்நாள் முழுக்க ஆரணிப் பட்டு நெய்தவர். நான் எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் நட்டுவிடணும் என்றதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, மரம் பாவு மாதிரி. ஒருக்கா ஏத்திட்டா பாதியில மாத்த முடியாது. செடிங்க ஊடை. அதை அப்பப்ப கலர் மாத்திக்கலாம்." அதனால் மரத்துக்கு மட்டும் ரொம்ப யோசித்தோம். வில்வம், கொன்றை, புன்னை, மகிழம், செண்பகம், பவழமல்லி. மல்லிக்கு நாலடி இடைவெளி விட்டு வெயில் படும் கிழக்குப் பக்கம். சம்பங்கிக் கிழங்கு பாத்தி ரெண்டு. தெற்கே பந்தலில் முல்லை, ஜாதிமல்லி. அபிஷேகத் தண்ணீர் வந்து சேரும் இடத்தில் சின்னதாக ஒரு தொட்டி கட்டி அல்லியும் தாமரையும். திருவாரூரில் தியாகராஜருக்குச் செங்கழுநீர் சாத்துவதற்கென்றே செங்கழுநீர் ஓடை உண்டு. எங்களுக்குத் தொட்டி போதும்.

உங்கள் வீட்டில் தோட்டம் போடுகிறீர்களா? அப்போதும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். தலையில் வைக்கவும் சாமி படத்துக்கும் பூ வேண்டும் என்றால் அது புழக்கடைத் தோட்டம். ஒரு பந்தல் முல்லை, நாலு கனகாம்பரம், ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, ஒரு துளசி போதும். பாத்திரம் கழுவின தண்ணீரிலேயே வளரும். சோப்புத் தண்ணீர் மட்டும் அதிகம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் போகிறவர் வருகிறவர் கண்ணுக்கு வேண்டும் என்றால் தாராளமாகப் போகன்வில்லா, அல்லமண்டா, குரோட்டன்ஸ் வையுங்கள். அது பார்க் பாணி, அதற்கு அந்தச் செடிதான் சரி. இடம் இருக்கிறது, தினமும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் தோப்புப் பாணி. செண்பகம், மகிழம், புன்னை, கொன்றை. முதல் சில வருஷம் தண்ணீர் ஊற்றினால் அப்புறம் அவை உங்களைப் பார்த்துக்கொள்ளும். மூன்றையும் ஒரே 2 சென்ட்டில் திணிக்காதீர்கள்.

செண்பகத்தில் ஒன்றை விதைக்கன்றாகவும் ஒன்றை ஒட்டுக்கன்றாகவும் வைத்தோம். ஒட்டு சீக்கிரம் பூக்கும். விதைக்கன்று பூக்கப் பல வருஷம் ஆகும், ஆனால் பெரிய மரமாக நிற்கும். தோப்பு என்று பெயர் வாங்குவதற்கு யாரோ ஒருத்தர் அப்படி விதைக்கன்றுக்குக் காத்திருந்திருக்கணும்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். செடி வருவதற்கு முன்னாலேயே ஒரு உபயதாரர் 'பூக்களைப் பறிக்காதீர்கள்' என்று பெயின்ட் அடித்த தகரப் பலகை ஒன்றைச் செய்து கொண்டுவந்துவிட்டார். அவர் மனம் நோகாமல் என்ன செய்வது என்று குழுவுக்குள் அரை மணி நேரம் பேச்சு. கடைசியில் பலகையைத் திருப்பி, பின்பக்கத்தில் 12 மாசத்துப் பூப்பட்டியலை எழுதி மாட்டினோம். உபயதாரர் பெயர் கீழே அப்படியே இருக்கிறது. சித்திரைக்கு நேரே கொன்றை, மார்கழிக்கு நேரே செவ்வந்தி. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஐப்பசிக்கு நேரே மல்லியும் எழுதியிருந்தேன். அதை மட்டும் அடிக்கச் சொன்னார்.

"மழையில அது எங்க தம்பி பூக்கப் போவுது? நந்தியாவட்டைன்னு எழுது."

எழுதிவிட்டேன்.